ஆடிப்பட்டத்துக்கு முன் மானிய வேலை

கோடை மழை ஒன்றிரண்டு விழுந்து புழுதி உழவு நடக்கும் நேரம். இந்த ஆண்டு முதல்முறையாக நிலத்தில் இறங்குகிறவர்கள் டிராக்டர் வாடகையை விசாரிக்கிற அதே வாரத்தில் வேளாண்மை விரிவாக்க மையத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். ஏப்ரலில் நிதியாண்டு பிறந்துவிட்டது. துறைகளுக்கான இலக்கும் நிதியும் இனி வட்டாரம் வாரியாகப் பிரிந்து வரும். ஆடியில் விதைத்துவிட்டு ஆவணியில் சாவகாசமாக மானிய மனு கொடுத்தால், ‘இலக்கு முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் பாருங்கள்’ என்ற பதில் வரலாம்.

முதலில் பட்டாவைப் பாருங்கள். புதியவர்களில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். நிலத்தை உழுவது பேரன், பட்டா இருப்பது தாத்தா பெயரில். அந்தப் பட்டாவை வைத்துக்கொண்டு பேரனால் எந்த மானியமும் வாங்க முடியாது. வாரிசுச் சான்றும், பங்கு பிரிந்திருந்தால் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமும் எடுத்துப் பெயர் மாற்றத்துக்குக் கொடுங்கள். மே, ஜூனில் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி என்ற வருவாய்த் தீர்வாயம் நடக்கும். உங்கள் கிராமத்துக்கு என்று ஒரு நாள் ஒதுக்குவார்கள். அந்த நாளைக் கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ) கேட்டு வைத்துக்கொண்டு மனுவோடு போங்கள். கூட்டுப்பட்டா என்றால் மற்ற பங்காளிகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். சித்தப்பாவோடு வரப்புத் தகராறு இருந்தால் அதைப் பேசி முடிக்கவும் இதுதான் தோதான மாதம், வயலில் பயிர் இல்லை. குத்தகை நிலமென்றால் வாய்ப்பேச்சு செல்லாது, பதிவு செய்த ஒப்பந்தம் வேண்டும்.

பட்டா சரியானதும் சிட்டா, அடங்கல், புல வரைபடம், வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரு கோப்பில் ஏறட்டும். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் இன்னும் எடுக்காதவர்கள் எடுத்துவிடுங்கள். ஆதாரோடு இணைந்த கைபேசி எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். சிறு, குறு விவசாயி சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இந்தச் சான்று இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து மானிய சதவீதமே மாறும்.

சொட்டுநீர் அதற்கு நல்ல உதாரணம். தமிழ்நாட்டில் 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம். கைக்காசு குறைவாகப் போகும், தண்ணீரும் கூலியும் மிச்சம். நிலத்தைப் புதிதாக விலைக்கு வாங்கியவர்கள் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள்: பழைய உரிமையாளர் அந்த நிலத்துக்குச் சொட்டுநீர் மானியம் வாங்கியிருக்கிறாரா? வாங்கியிருந்தால் மறுபடி கிடைக்க 7 ஆண்டு ஆக வேண்டும்.

பவர் டில்லர், களையெடுக்கும் கருவி போன்றவற்றுக்கு வேளாண் பொறியியல் துறையைப் பாருங்கள். சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்பது பொது விதி. கருவிக்குக் கருவி உச்சவரம்பு உண்டு. உழவன் செயலியில் பதிவு செய்துவிட்டு உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் ஒருமுறை நேரில் முகம் காட்டுவது நல்லது.

எந்தத் திட்டமானாலும் பணி ஆணை கைக்கு வரும்வரை எதையும் வாங்காதீர்கள். கடைக்காரர் ‘இப்போ எடுத்துட்டுப் போங்க, மானியம் பின்னாடி வரும்’ என்பார். ஆணைக்கு முந்தைய தேதியில் பில் இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

ஆட்டுப் பண்ணை ஆசையோடு வருகிறவர்கள் இப்போது அதிகம். தேசிய கால்நடை இயக்கத்தில் 50 சதவீத மானியம் இருப்பது உண்மை. 100 பெட்டையும் 5 கிடாவும் கொண்ட பண்ணைக்கு 10 லட்சம் வரை, 500 பெட்டைக்கு 50 லட்சம் வரை. விண்ணப்பம் உத்யமி மித்ரா இணையதளம் வழியாக. ஆனால் இது முதலில் கையில் கொடுக்கும் பணம் அல்ல. மீதித் தொகைக்கு வங்கிக் கடனோ சொந்தப் பணமோ காட்ட வேண்டும். மானியமும் இரண்டு தவணையாகத்தான் வரும், இரண்டாவது தவணை பண்ணை முழுதாக எழுந்த பிறகு. மானியத்தை முதலாக எண்ணிக் கொட்டகை போட்டவர் தீவனத்துக்கு வட்டிக்கு வாங்க நேரும். ஆடே வளர்த்துப் பழகாதவர் 10 ஆடு வாங்கி ஒரு மழைக்காலம் வளர்த்துப் பார்க்கட்டும். இடையில் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலோ பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கி வைத்தால், பிறகு விண்ணப்பிக்கும்போது அது பேசும்.

‘நான் முடித்துத் தருகிறேன், பத்து சதவீதம் கொடுங்கள்’ என்று வருகிற ஆளை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். ஓடிபி எண்ணையும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

மானியம் வருவதற்குள் பயிர் வந்துவிடும், ஆகவே சாகுபடிச் செலவுக்குத் தனி வழி வேண்டும். உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் இப்போதே உறுப்பினராகச் சேருங்கள். அங்கு வாங்கும் பயிர்க்கடனைத் தவணை தவறாமல் கட்டினால் வட்டி இல்லை. கடன் மனுவோடு அடங்கல் கேட்பார்கள். பல வருஷம் சும்மா கிடந்த நிலத்துக்கு அதில் ‘தரிசு’ என்றே எழுதியிருக்கும். உழுததும் விஏஓவை வயலுக்கு அழைத்துக் காட்டுங்கள். விதைத்த பயிர் அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று பிறகு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

திட்ட விதிகளில் ஆண்டுதோறும் திருத்தம் வரும். போன வருஷம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாங்கிய கணக்கை நம்பாமல், இந்த ஆண்டுக்கான வழிகாட்டுதலை உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டுப் படியுங்கள். போகும்போது நிலம் காலியாக இருக்கையில் எடுத்த மண் மாதிரி அரைக் கிலோவையும் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள், பரிசோதனைக்கு எங்கே கொடுப்பது என்று அவரே சொல்வார்.