தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

பெங்களூரிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு சேலம் பக்கம் வருகிற டிரைவர்கள் எல்லோருக்கும் தொப்பூர் கணவாயைத் தெரியும். கொல்லிமலையைப் போல 70 கொண்டை ஊசி வளைவுகள் அங்கே இல்லை. நான்கு வழிச்சாலை, நல்ல அகலம். அந்த அகலம்தான் ஆளை ஏமாற்றுகிறது. இறக்கம் என்று மனதில் உறைப்பதற்குள் வண்டி தானாக வேகம் பிடித்திருக்கும்.

நான் லாரி ஓட்டப் பழகிய காலத்தில் மூத்த டிரைவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. அதையும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு கீழ் கியர் விழாது. விழுவதற்காக கிளட்சை மிதித்துத் தடவிக்கொண்டிருக்கும் நேரத்தில் வண்டி நியூட்ரலில்தான் ஓடும்.

டீசல் மிச்சமாகும் என்று வேண்டுமென்றே நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய எஞ்சின்களில் இது வீண் கணக்கு. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் ஐடிலிங்குக்காவது டீசல் எரியும். இதை எத்தனையோ தம்பிகளிடம் சொல்லியிருக்கிறேன். சாவியையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களைப் பற்றி நினைத்தாலே வயிறு கலங்குகிறது. கம்ப்ரஸர் நின்றால் காற்று ஏறாது, பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

எஞ்சின் பிடிக்காவிட்டால் முழு பாரமும் பிரேக் மேல் விழுகிறது. விடாமல் மிதித்தால் டிரம் சூடேறி விரிகிறது, லைனர் கருகுகிறது, மிதித்தும் பிடிப்பதில்லை. விட்டு விட்டு மிதித்துக்கொண்டே இருந்தால் டாங்கியில் காற்று இறங்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, வேகம் மீறும்போது மட்டும் அழுத்தி மிதித்து, வேகம் தணிந்ததும் விட்டுவிட வேண்டும். லைனர் கருகுகிற வாடை வந்தால் அடுத்த வளைவு வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தானாக ஆறவிடுங்கள். காய்ந்த டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

இறக்கத்துக்கு முன் வண்டியை நிறுத்தி காற்று மீட்டரைப் பார்ப்பது, டயரைத் தட்டிப் பார்ப்பது, தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்ப்பது எல்லாம் பத்து நிமிட வேலை. குறுகலான மலைப்பாதையானால் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பாரத்தோடு ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி நகர்த்துவது எத்தனை சிரமம் என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியும்.

முதலாளிகளிடமும் ஒன்று கேட்கிறேன். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று வரையறுத்தது. தூக்கம் கெட்ட கண்ணோடு விடியற்காலையில் ஒருவனைக் கணவாயில் இறக்கிவிட்டு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குக் கேட்காதீர்கள். மைலேஜுக்கென்று தனியாகக் கொடுக்கிற பணத்தை நிறுத்துங்கள். அதைப் படியோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.