கொல்லையிலிருந்து ஓரியன் நெபுலா: எதில் எடுப்பது?

முத்தாண்டிக்குப்பத்தில் வீட்டுக் கொல்லையிலிருந்தே நெபுலாவைப் படம் எடுக்க நினைப்பவர்கள் ஓரியன் நெபுலாவில் தொடங்குங்கள். திருவாதிரை என்ற சிவந்த நட்சத்திரத்துக்குத் தெற்கே மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்குக் கீழே புகைத்திட்டாகத் தெரிவதுதான் அது. சுமார் 1,340 ஒளியாண்டு தூரம். நம் ஊரில் 73 பாகை உயரம் வரை ஏறிவிடும் என்பதால், நெய்வேலி டவுன்ஷிப்பும் அனல்மின் நிலையங்களும் அடிவானத்தை வெளுக்கவைத்தாலும் அங்கே தொல்லை குறைவு.

போனில் நைட் மோடு வைத்தால் ஒரு சிறு திட்டு விழும், அவ்வளவுதான்.

அடுத்து, வானம் நகரும் வேகத்துக்குக் கேமராவைத் திருப்பும் டிராக்கர். நல்ல கருவி. ஆனால் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் அதை நிறுத்த வேண்டும். நம் அட்சரேகை 11 பாகை சொச்சம். துருவ நட்சத்திரமும் அந்த உயரத்தில்தான் இருக்கும். வடக்கே ஒரு பலாமரமோ முந்திரித் தோப்போ இருந்தால் போதும், கண்ணில் படாது. மரம் இல்லாவிட்டாலும் தைப்பனி மறைக்கும். ஐரோப்பாக்காரருக்கு நல்ல உயரத்தில் நிற்கும் நட்சத்திரம் நமக்கு வேலியோரம் கிடக்கிறது. இங்கே முதல் செலவு டிராக்கராக இருக்கக் கூடாது.

சீஸ்டார் எஸ்50 போன்ற ஸ்மார்ட் டெலஸ்கோப்புக்குத் துருவ நட்சத்திரம் கட்டாயமில்லை. தானே தேடிப்பிடித்து, பத்து நொடிப் படங்களாக எடுத்து அடுக்கித் தரும். நெபுலா ஏறக்குறைய ஒரு பாகை அகலம் என்பதால் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும்.

என் ஓட்டு பழைய டிஎஸ்எல்ஆர், 50 மி.மீ. லென்ஸ், ட்ரைபாட் மூன்றுக்கும்தான். லைவ் வியூவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது ஊசிமுனையாகச் சுருங்கும்வரை ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்புங்கள். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, மூன்று நொடி, ரா ஃபைல். மூன்று நொடிக்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாக இழுபடும். 200 படம் எடுத்தால் பத்து நிமிட ஒளி சேர்ந்துவிடும். டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் என்ற மென்பொருள்கள் இரண்டுமே இலவசம். அடுக்கும் வேலையை அவை பார்த்துக்கொள்ளும். குறைந்த நொடியில் எடுப்பதால் நெபுலாவின் பிரகாசமான நடுப்பகுதி வெந்துபோகாது என்பது கூடுதல் லாபம். 1880-இல் ஹென்றி டிரேப்பர் இதை முதன்முதலாகப் படம் பிடித்தபோது ஒரே தட்டில் 51 நிமிடம் ஒளி வாங்க வேண்டியிருந்தது. நமக்கு அதைத் துண்டு துண்டாகச் சேர்க்க வழியிருக்கிறது.

தை அமாவாசையை ஒட்டிய இரவுகளில் எட்டிலிருந்து பத்து மணிக்குள் எடுங்கள். கொல்லை பல்பை அணைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.