பாட்டன் வண்டி

மதுரை மாநகரின் வடபால் மாட்டுத்தாவணி என்றோர் இடம் உண்டு. 1999ஆம் ஆண்டு முதல் அங்கே பெரியதொரு பேருந்து நிலையம் இயங்கி வருதலின், அப்பெயரைக் கேட்டதும் இக்கால மாணவர்க்குப் பேருந்தின் நினைவே எழும். தாவணி என்பது ஈண்டு மகளிர் உடையைக் குறிப்பதன்று. மாடுகளை வரிசையாகப் பிணிக்கும் நெடுங்கயிற்றுக்குத் தாமணி என்று பெயர். அச்சொல்லே தாவணி எனத் திரிந்து, மாடுகள் விலைகூறப்படும் சந்தைக்கு ஆகிவந்தது என்பர். சித்திரைத் திருவிழாவை ஒட்டிக் கூடிய அச்சந்தைக்குச் சுற்றூர் உழவர்கள் வண்டி பூட்டி வந்தனர். இளைத்த மாட்டை விற்றுப் புதிய மாட்டைக் கொள்வர்; ஆனால் வண்டியை எளிதில் மாற்றார். பாட்டன் ஓட்டிய வண்டியையே பேரனும் ஓட்டினான்.

மரத்தாலாகிய வண்டி மூன்று தலைமுறை நிலைத்தது எவ்வாறு? மரம் வெயிலில் வெடிக்கும், மழையில் ஊறும், பாரத்தால் முறியும். அங்ஙனம் ஆகுமென்று முன்னரே அறிந்து வண்டியைப் படைத்தான் தச்சன். அவன் திறமெல்லாம் சக்கரத்திலே விளங்கும்.

சக்கரத்தின் நடுவில் இருப்பது குடம். குடத்தில் செருகப்பட்டுக் கதிர்போல் விரிந்து நிற்பவை ஆரக்கால்கள். அவற்றின் மறுமுனைகளைத் தாங்கி வட்டமாக அமைபவை வட்டைகள். ஆரக்கால் பன்னிரண்டும் வட்டை ஆறுமாக, ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால் வீதம் அமைப்பது பெருவழக்கு. இவற்றுக்குக் கருவேல மரத்தை விரும்பிக் கொள்வர். கருவேலம் என்றது நம் நாட்டுக் கருவேலத்தை. இன்று கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலத்தை அன்று. இவ்வுறுப்புகளைப் பசையிட்டு ஒட்டுவதில்லை. துளையும் முளையுமாகப் பொருத்தி, எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க வெளியே இரும்புப் பட்டை ஒன்றை மாட்டுவர்.

பட்டை மாட்டும் காட்சி காணத்தக்கது. சக்கரத்தின் சுற்றளவினும் சிறிது குறைவாகவே பட்டையை அமைப்பான் கொல்லன். வறட்டிகளை வட்டமாக அடுக்கித் தீ மூட்டிப் பட்டையைச் செந்நிறமாகக் காய்ச்சுவர். வெப்பத்தால் இரும்பு விரியும். பலர் கூடி அதனை இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்குவர். மரம் கருகிப் புகை எழும். உடனே நீரைக் கொட்டுவர். குளிர்ந்த இரும்பு சுருங்கும். சுருங்குங்கால் வட்டையும் ஆரக்காலும் குடமும் ஓருடம்பாய் இறுகும். விரிதலும் சுருங்குதலும் பற்றி நீங்கள் அறிவியல் வகுப்பில் படிப்பதையெல்லாம் ஊர்க் கொல்லன் உலைக்களத்திலேயே கற்றிருந்தான்.

கோடையில் மரம் உலர்ந்து பட்டை தளர்ந்தால், சக்கரத்தைக் கழற்றிக் கண்மாய் நீரில் ஊறப் போடுவர். ஆரக்கால் ஒன்று முறிந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு மசகிடுவதை வீட்டுச் சிறுவனும் செய்வான். கடையாணியைப் பிடுங்கினால் சக்கரம் கையோடு வரும்.

இம்முன்னறிவு நம்மவர்க்குப் புதியதன்று. மேடு பள்ளம் எங்கே வருமென்று யார் அறிவார் எனக் கருதிய உப்பு வணிகர், வண்டியின் கீழ்மரத்தில் மற்றோர் அச்சையும் கட்டிச் சென்றனர். அதற்குச் சேமவச்சு என்று பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினியை அதற்கு ஒப்பிடுகிறார் ஔவையார், புறநானூற்றின் 102ஆம் பாட்டில். மாற்றுறுப்பு ஒன்று அரசகுமரனுக்கு உவமையாயிற்று என்றால் அதன் மதிப்பை என்னென்பது!

எல்லா உறுப்பும் மாறிய பின்னும் அது பாட்டன் வண்டிதானா என்று ஒருவன் வினவலாம். பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பலைப் பற்றிக் கிரேக்க அறிஞரும் இவ்வாறே வழக்கிட்டனர் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். உழவன் வழக்கிடுவதில்லை. இந்த வட்டை தந்தை போட்டது, இந்த நுகம் அண்ணன் திருமணத்தின்போது மாற்றியது என்று தொட்டுக் காட்டுவான். மாட்டுப் பொங்கலன்று அதனைக் கழுவிப் பொட்டிட்டு நிற்பவனுக்கு அது விறகும் இரும்புமாகத் தோன்றுமா? பழமையால் மட்டும் அப்பற்று வந்துவிடாது. கை பட்டுப் பட்டு வளர்ந்த பற்று அது.

இக்காலத்து உணவு விடுதிகளில் பழஞ்சக்கரத்துக்கு மெருகிட்டுச் சுவரில் மாட்டியிருக்கக் காணலாம். அழகுதான், ஆயினும் உருளாத சக்கரத்தைப் பழுதுபார்ப்பார் இல்லை. நம் கையிலுள்ள கைபேசியோ திறக்கவே இடமின்றி ஒட்டப்பட்டிருக்கிறது. மின்கலம் தளர்ந்ததும் நல்ல கருவி குப்பைக்குப் போகிறது. இதனைக் கண்டே, பயன்படுத்துவோர் தாமே மின்கலத்தைக் கழற்றி மாற்றுமாறு கருவிகள் அமைதல் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றி, 2027 பிப்ரவரியைத் தொடக்க நாளாகக் குறித்தது. நம் நாட்டிலும் பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022இல் மைய அரசு இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. பசையிட்டு ஒட்டுவதா, கடையாணியிட்டு நிறுத்துவதா என்பது வரைபடம் எழுதுவோன் கையில் இருக்கிறது. வாங்குவோனிடம் அதனைக் கேட்பாரில்லை. உங்களுள்ளும் சிலர் நாளை அவ்வரைபடம் எழுதக்கூடும்.

டயர் வண்டியும் சரக்குந்தும் பெருகி, மரச்சக்கர வண்டிகள் அருகிவிட்டன. எனினும் ஆடித் திங்களில் மதுரையின் சுற்றூர்களிலிருந்து அழகர்கோவிலுக்கு வண்டி கட்டிச் செல்வோர் இன்றும் உளர்.