இரண்டு விளக்குகளும் எரிகின்றன, இணைப்பு இருக்கிறதா?

மண்டபம் ஊரை ஒட்டிய கரையில், அலைச்சத்தம் கேட்கும் தொலைவில் ஓர் அலுவலகம். காலை பத்து மணிக்கு அங்கிருந்து போன். "அண்ணே, சர்வர் ரொம்ப இழுக்குது. ஒரு பைல் திறக்க ஒரு நிமிஷம் ஆகுது. ஆனா ரெண்டு கார்டும் நல்லாத்தான் இருக்கு, ரெண்டு லைட்டும் எரியுது" என்றார் அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. போய்ப் பார்த்தேன். அவர் சொன்னபடியே விளக்குகள் எரிந்தன. ஒன்று பச்சை, இன்னொன்று ஆரஞ்சு. கோளாறு அந்த நிற வேறுபாட்டில்தான் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சர்வரில் உள்ள இரண்டு நெட்வொர்க் கார்டுகளைச் சேர்த்துக் கட்டி, வெளியே ஒரே ஐ.பி. முகவரியுள்ள ஒரே இணைப்பாகக் காட்டுவதை லினக்ஸில் பாண்டிங் என்கிறோம். விண்டோஸ் சர்வரில் இதற்கு டீமிங் என்று பெயர். 1990களில், பல சாதாரணக் கணினிகளைக் கூட்டி வேலை வாங்கும் பேவுல்ஃப் முறைக்காக டொனால்டு பெக்கர் எழுதிய நிரலிலிருந்து லினக்ஸ் பாண்டிங் வளர்ந்தது. "பாண்டிங் போட்டாச்சு" என்று சொன்னதும் பலருக்குக் கவலை தீர்ந்துவிடுகிறது. அந்த நிம்மதியில்தான் தவறான நம்பிக்கைகள் வேர்விடுகின்றன.

இரட்டை வழியின் அருமையை ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1914 முதல் பாம்பன் ரயில் பாலம் ஒன்றே தீவுக்குப் பாலமாக இருந்தது. 1964 டிசம்பர் புயலில் அது உடைந்தபோது தீவு தனித்து நின்றது. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாட்களில் அதைச் சீரமைத்தார். 1988இல் சாலைப் பாலம் வந்தது. 2022 டிசம்பரில், பழைய ரயில் பாலத்தில் பொருத்தியிருந்த உணரிகள் எச்சரித்ததும் ரயில்களை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கும்வரை, ரயிலில் வந்தவர்கள் இக்கரையிலேயே இறங்கிச் சாலைப் பாலத்தின் வழியே தீவுக்குப் போனார்கள். அங்கே இரண்டாவது வழி இருந்தது. முதல் வழி தளர்ந்ததைச் சொல்ல ஒரு கண்ணும் இருந்தது. சர்வரில் நாம் இரண்டாவது வழிக்குக் காசு செலவழிக்கிறோம், கண்ணை வைக்க மறந்துவிடுகிறோம்.

நம்பிக்கை 1: இரண்டு 1 ஜிகாபிட் கார்டுகளைக் கட்டினால் வேகம் இரண்டு மடங்கு.

உண்மை: ஒரே கோப்பை ஒரே கணினிக்கு அனுப்பும்போது வேகம் கூடாது. பாண்டிங் ஒவ்வோர் உரையாடலையும் ஏதாவது ஒரு கேபிளில் ஏற்றிவிடும். அந்த உரையாடல் முடியும்வரை அதே கேபிள்தான். பாம்பனில் இரண்டு பாலம் இருப்பதால் ஒரு லாரி இரண்டிலும் பாதிப்பாதியாகப் போவதில்லை. இரவில் பேக்கப் எடுக்கும்போது நொடிக்கு 110 மெகாபைட்டுக்குப் பக்கத்திலேயே வேகம் நின்றுவிட்டால் அது கோளாறு இல்லை, ஒரு ஜிகாபிட்டின் எல்லை.

பலர் ஒரே நேரத்தில் சர்வரைப் பயன்படுத்தும்போது பலன் தெரியும். அப்போதும் எந்த உரையாடல் எந்தக் கேபிளில் என்பதைப் பிரிக்கும் விதி சரியாக இருக்க வேண்டும். வழக்கமான விதி மேக் முகவரியைப் பார்த்துப் பிரிக்கும். பயனாளர்கள் எல்லோரும் ஒரு ரவுட்டருக்கு அப்பால் இருந்தால், சர்வரின் கண்ணுக்குப் படுவது அந்த ரவுட்டரின் மேக் முகவரி மட்டுமே. எல்லாப் பாரமும் ஒரே கேபிளில் ஏறும், மற்றது சும்மா கிடக்கும். ஐ.பி. முகவரியையும் போர்ட் எண்ணையும் பார்த்துப் பிரிக்கும் விதிக்கு மாற்றினால் இது சரியாகும். ஆனால் அது சர்வரிலிருந்து வெளியே போவதற்கு மட்டும். உள்ளே வருவதைப் பிரிப்பது ஸ்விட்ச். அதன் விதியையும் அங்கே தனியாகப் பார்க்க வேண்டும்.

ரவுண்டு ராபின் முறையில் ஒரே உரையாடல் இரண்டு கேபிளிலும் மாறிமாறிப் போகும் என்பது உண்மைதான். ஆனால் பாக்கெட்டுகள் வரிசை தப்பி வந்துசேரும். டிசிபி அதை இழப்பு என்று எண்ணி மறுபடி அனுப்பத் தொடங்கும். கூடிய வேகத்தில் பெரும்பங்கு அதிலேயே கரைந்துவிடும்.

நம்பிக்கை 2: விளக்கு எரிந்தால் பாதை இருக்கிறது.

உண்மை: கேபிளின் அடுத்த முனையில் மின்சாரமுள்ள ஒரு கருவி இருக்கிறது என்பதைத் தவிர, விளக்கு எரிவது வேறெதையும் சொல்வதில்லை. எம்.ஐ.ஐ.மான் என்ற அமைப்பும் அந்த அளவுக்கே பார்க்கும். அதில் 100 என்று வைத்தால் 100 மில்லிநொடிக்கு ஒருமுறை, கார்டில் இணைப்பு இருக்கிறதா என்று சோதிக்கும்.

நம் பக்கம் அடிக்கடி பார்ப்பது இது: சர்வரிலிருந்து ஸ்விட்ச் வரை எல்லாம் சரி. அந்த ஸ்விட்சிலிருந்து மேலே போகும் ஃபைபர், சாலை ஓரப் பள்ளத்தில் ஜேசிபியின் வாயில் அறுந்திருக்கும். சர்வரின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பாண்டிங்கும் அந்தக் கேபிளையே நம்பி எல்லாவற்றையும் அதில் அனுப்பிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நல்ல கேபிள் காத்துக்கிடக்கும்.

ஒன்று வேலை செய்ய மற்றது காத்திருக்கும் ஆக்டிவ் பேக்கப் முறையில் இதற்கு மருந்து ஏஆர்பி கண்காணிப்பு. கேட்வே முகவரியைக் குறிப்பிட்ட இடைவெளியில் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராவிட்டால் மற்ற கார்டுக்கு மாற்றும். சர்வரும் ஸ்விட்சும் பேசிக்கொண்டு கேபிள்களைக் குழுவாகச் சேர்க்கும் எல்.ஏ.சி.பி. முறையில் ஏஆர்பி கண்காணிப்பு பயன்படாது. அங்கே இரண்டும் ஒன்றுக்கொன்று அனுப்பும் சிறு செய்திகளே, ஸ்விட்ச் வரையிலான இணைப்புக்குக் காவல். மெதுவான அமைப்பில் அவை 30 நொடிக்கு ஒன்று, வேகமான அமைப்பில் நொடிக்கு ஒன்று. மூன்று செய்தி தவறினால்தான் இணைப்பு போனதாகக் கணக்கு. 90 நொடி காத்திருப்பதா, 3 நொடியா என்பது அமைப்பின் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

நம்பிக்கை 3: பாண்டிங் சர்வரின் வேலை, ஸ்விட்சைத் தொட வேண்டாம்.

உண்மை: லினக்ஸில் 0 முதல் 6 வரை ஏழு முறைகள் உண்டு. அவற்றில் 1, 5, 6 ஆகிய மூன்றுக்குத்தான் ஸ்விட்சில் எதுவும் செய்ய வேண்டாம். 0, 2, 3 ஆகியவற்றுக்கு ஸ்விட்சிலும் அந்தப் போர்ட்டுகளைக் குழுவாகச் சேர்த்துவைக்க வேண்டும். 4ஆம் எண்ணுக்கு ஸ்விட்சில் எல்.ஏ.சி.பி. இயங்க வேண்டும். 2000இல் 802.3ஏடி என்ற பெயரில் வந்த தரவிதி இது.

ஒரு பக்கம் மட்டும் அமைத்துவிட்டு விட்டால் தெரியும் அறிகுறி பலருக்கும் பழக்கமானது: "பாதிப் பேருக்கு வருது, பாதிப் பேருக்கு வரல." பிங் போட்டால் ஒன்று வரும், ஒன்று தவறும். ஸ்விட்சின் பதிவேட்டில், ஒரே மேக் முகவரி இரண்டு போர்ட்டுகளுக்கு இடையே தாவுவதாக எச்சரிக்கை நிறைந்திருக்கும். எல்.ஏ.சி.பி. என்றால் சர்வரிலேயே சரிபார்க்கலாம். ப்ராக் அடைவுக்குள், நெட் என்பதன் கீழே, பாண்டிங் என்ற இடத்தில் உங்கள் பாண்டின் பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அதில் பார்ட்னர் மேக் முகவரி எல்லாமே பூஜ்யமாக இருந்தால் ஸ்விட்ச் உங்களோடு பேசவே இல்லை என்று பொருள்.

நம்பிக்கை 4: இரண்டு கேபிள் இருந்தால் ஒற்றைப் புள்ளி ஆபத்து இல்லை.

உண்மை: ஒரே கார்டின் இரண்டு போர்ட், ஒரே ஸ்விட்ச், ஒரே யுபிஎஸ் என்றிருந்தால் ஆபத்தும் ஒன்றாகவே வரும். கேபிள்களை இரண்டு ஸ்விட்சுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது நல்லது. அப்போது எல்.ஏ.சி.பி. வேண்டுமென்றால், அந்த இரண்டு ஸ்விட்சுகளும் ஸ்டாக் முறையிலோ எம்லாக் முறையிலோ இணைந்து ஒன்றாகத் தோன்ற வேண்டும். தனித்தனி ஸ்விட்சுகள் என்றால் ஆக்டிவ் பேக்கப்பே ஏற்றது.

நம்பிக்கை 5: ஒன்று போனால் மற்றது தானாக வந்துவிடும், சோதிக்கத் தேவையில்லை.

உண்மை: மாதக்கணக்கில் வேலையில்லாமல் காத்திருக்கும் இரண்டாவது கேபிள் ஏற்கெனவே செத்திருக்கலாம். அது போய்ச் சேரும் போர்ட்டில் உரிய விலான் சேர்க்கப்படாமல் இருக்கலாம். ஸ்விட்சில் பழைய வகை ஸ்பேனிங் ட்ரீ இருந்து, சர்வர் போர்ட்டுக்குப் போர்ட்ஃபாஸ்ட் போடாமல் விட்டிருந்தால், விளக்கு எரிந்த பிறகும் 30 நொடி அந்தப் போர்ட் எதையும் கடத்தாது. இவற்றில் எதுவும் சாதாரண நாளில் தெரியாது. கேபிளைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

நம்பிக்கை 6: கோளாறு என்றால் முதலில் ரீஸ்டார்ட்.

உண்மை: ரீஸ்டார்ட் தடயத்தை அழிக்கும். ஒவ்வொரு கார்டும் எத்தனை முறை விழுந்து எழுந்தது என்ற கணக்கு அந்தப் பாண்டிங் கோப்பில் இருக்கிறது. திரும்பத் தொடங்கினால் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். தொலைவிலிருந்து உள்நுழைந்தவர் நெட்வொர்க்கை நிறுத்தினால், தானே வெளியே நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. முதலில் கோப்பைப் படித்து ஒரு நகல் எடுத்துவையுங்கள். அடுத்து ஒவ்வொரு கார்டின் வேகத்தையும் பிழை எண்ணிக்கையையும் பாருங்கள். பிறகு ஸ்விட்சின் பக்கம் அதே போர்ட்டுகளைப் பாருங்கள். கடைசியாகக் கேட்வேக்குப் பிங் போட்டு, பாக்கெட்டுகள் எந்தக் கார்டில் போகின்றன என்று டிசிபிடம்ப்பில் கவனியுங்கள். கைவைப்பது அதற்குப் பிறகு.

நம்பிக்கை 7: ஏசி அறைக்குள் உப்புக்காற்று வராது.

உண்மை: தொடக்கத்தில் சொன்ன அலுவலகத்தின் விடை இங்கேதான் இருக்கிறது. பாண்டிங் கோப்பைத் திறந்தேன். ஒரு கார்டின் வேகம் 1000, மற்றதன் வேகம் 100. இரண்டுக்கும் அக்ரிகேட்டர் எண், அதாவது குழு எண், வேறுவேறு. எல்.ஏ.சி.பி. ஒரே வேகமுள்ள இணைப்புகளையே ஒரு குழுவில் சேர்க்கும். வேகம் குறைந்த கார்டு தனிக் குழுவாகப் பிரிந்துபோயிருந்தது. முந்தைய நாள் மாலை, ராக்கில் வேலை பார்த்த ஒருவர் நல்ல கேபிளை ஒரு கணம் கழற்றி மாட்டியிருக்கிறார். அந்தக் கணத்தில் 100 மெகாபிட் கார்டு பொறுப்பேற்றுக்கொண்டது. நல்ல கேபிள் திரும்பி வந்தும், பொறுப்பு அதற்குத் திரும்பவில்லை. வழக்கமான அமைப்பில், பொறுப்பிலுள்ள குழுவின் எல்லா இணைப்புகளும் விழுந்தால்தான் லினக்ஸ் வேறு குழுவைத் தேர்ந்தெடுக்கும். மொத்த அலுவலகமும் நொடிக்குப் பன்னிரண்டு மெகாபைட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது.

வேகம் ஏன் 100 ஆனது? அந்தக் கேபிளைக் கழற்றி, பிளக்கின் முனையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டுப் பின்களில் ஆறு பொன்னிறம். ஓரத்திலிருந்த இரண்டில், செம்புக் குடத்தின் அடியில் படிவதுபோல் பச்சை பூத்திருந்தது. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி கெட்டதும் கார்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிரைக் காத்துக்கொண்டது. விளக்கும் அணையவில்லை, நிறம் மட்டும் மாறியது.

இரவில் ஏசியை அணைக்கிறோம். கதவு திறந்து மூடுகிறது. மின்வெட்டில் அறை புழுங்குகிறது. காற்றோடு வந்த உப்பு, ஈரத்தைச் சேர்த்துக்கொண்டு உலோகத்தின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. இரும்பைத் தின்னும் இந்தக் காற்றை எண்ணித்தான் பாம்பன் புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் சிறப்பு வண்ணப்பூச்சையும் தேர்ந்தெடுத்தார்கள். மெல்லிய பொன்முலாம் பூசிய ஒரு பின் அதைவிட உறுதியானது இல்லை. ஆகவே கடற்கரை ஊர்களில் பேட்ச் கேபிள்களை நம்பி ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். பயன்படாத போர்ட்டுகளுக்கு மூடி போடுங்கள். பிழை எண்ணிக்கை கூடினால் முதலில் கேபிளை மாற்றுங்கள். அதன் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் அடங்கும்.

அந்தக் காலை, கேபிளை மாற்றிய சில நொடிகளில் இரண்டு கார்டுகளுக்கும் ஒரே அக்ரிகேட்டர் எண் வந்தது. தம்பி செய்த அடுத்த வேலைதான் எனக்குப் பிடித்தது. கார்டின் வேகம் குறைந்தாலோ, அக்ரிகேட்டர் எண் பிரிந்தாலோ தன் கைபேசிக்குச் செய்தி வரும்படி ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தார். சர்வருக்கு அன்றுதான் கண் கிடைத்தது.

இதைப் படிக்கும் ஒவ்வொரு சர்வர் பொறுப்பாளரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம், வேலை நேரம் முடிந்த பிறகு, முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிங் ஓடிக்கொண்டிருக்க ஒரு கேபிளைக் கழற்றுங்கள். எத்தனை பாக்கெட் தவறியது என்று எண்ணிக் குறித்துவையுங்கள். மாட்டிவிட்டு, கோப்பைப் படித்துச் சரிபார்த்து, மற்றதையும் கழற்றிப் பாருங்கள். அப்படிப் பார்க்காதவரை உங்களிடம் இருப்பது இரண்டு கேபிள்கள். இரண்டு வழிகள் இருப்பதாகச் சொல்ல முடியாது.