கேம் சர்வரில் ஒரு பொதுப் பட்டியல்

சி மொழியில் அர்ரே படித்திருக்கிறோம். இத்தனை இடம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். லுவா மொழியில் டேபிள் என்று ஒன்று உண்டு. அது தேவைக்கேற்ப வளரும், எண்ணிக்கை நம்ம ஊர் வழக்கப்படி ஒன்றில் தொடங்கும். 1993-ல் பிரேசிலின் ரியோ நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்று பேர் உருவாக்கிய மொழி இது. போர்ச்சுகீசியத்தில் லுவா என்றால் நிலா. ராப்லாக்ஸில் ஓடுவது இதிலிருந்து வந்த லுவாவ். நான் லுவான்டியை வைத்துச் சொல்கிறேன் (2024 வரை அதன் பெயர் மைன்டெஸ்ட்). காசு கிடையாது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும்.

துறைமுக கேட்டில் டிரெய்லர்கள் காத்திருக்கும் கேம் ஒன்று எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூர்க்காரர்களுக்கு வரிசை என்றால் என்னவென்று பாடம் நடத்தத் தேவையில்லை. என் அப்பா டிரெய்லர் டிரைவர். எண்ணூர் சாலையில் ராத்திரி முழுக்க வண்டியிலேயே கிடந்துவிட்டு வந்த நாட்கள் உண்டு.

லுவான்டி சர்வரில் எல்லா ஸ்கிரிப்டும் ஒரே குளோபல் இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ‘லோக்கல்’ என்று போடாமல் ஒரு பெயருக்கு மதிப்புக் கொடுத்தால் அது குளோபல் ஆகிவிடும். இரண்டு பேர் தனித்தனியே ‘வரிசை’ என்றே பெயர் வைத்தால் பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும். அதனால் ‘கேட்’ என்று ஒரே ஒரு குளோபல் டேபிள் வைத்து, வரிசையை அதற்குள் வையுங்கள்.

வண்டி வந்தால் டேபிள்.இன்செர்ட், அது கடைசியில் சேர்க்கும். முதல் வண்டி உள்ளே போனால் டேபிள்.ரிமூவ், இடம் 1. இங்கே ஒன்று கவனிக்கணும். முதலாவதை எடுத்தால் பின்னால் உள்ள அத்தனையும் ஒரு இடம் முன்னால் நகரும். நம்ம ரோட்டில் நடப்பதும் அதுதானே, ஒரு வண்டி போனால் எல்லா டிரைவரும் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி பத்தடி நகர்ந்து நிற்பார்கள். நாற்பது வண்டிக்குப் பரவாயில்லை, ஆயிரக்கணக்கில் என்றால் சர்வருக்கு வேலை கூடும். அப்போது டோக்கன் முறைதான் நல்லது. வண்டிகள் நின்ற இடத்திலேயே நிற்கும், அடுத்து கூப்பிடும் எண் மட்டும் கூடும்.

அடுத்ததுதான் பெரிய ஆபத்து. கனெக்‌ஷன் போனவர்களை ஒன்றிலிருந்து தொடங்கும் ஃபார் லூப்பில் நீக்குகிறோம். இரண்டாவது ஆளை நீக்கியதும் மூன்றாவது ஆள் இரண்டாம் இடத்துக்கு வந்துவிடுவார். லூப்போ மூன்றாம் இடத்துக்குப் போய்விடும். அந்த ஆளை யாரும் பார்க்கவே இல்லை! எரர் மெசேஜும் வராது. கேமில் இது வெறும் பெயர். நிஜ கேட்டில் இப்படி விட்டுப்போனால் ஒருவருடைய ஒரு நாள் டிரிப், படிக்காசு எல்லாம் போச்சு. லூப்பைக் கடைசியிலிருந்து ஒன்றை நோக்கி ஓட்டினால் சரியாகிவிடும், ஏனென்றால் நகர்பவை எல்லாம் ஏற்கனவே பார்த்து முடித்தவை.

ஒருவர் வரிசையில் இருக்கிறாரா என்று பார்க்க லுவான்டியில் டேபிள்.இன்டெக்ஸ்ஆஃப் இருக்கிறது. ஆள் இல்லையென்றால் -1 தரும். லுவாவில் நில், ஃபால்ஸ் இரண்டும்தான் பொய், பூஜ்யம்கூட மெய். எனவே வெறுமனே ‘இஃப்’ போட்டால் இல்லாத ஆளும் இருப்பதாகவே பதில் வரும். -1 தானா என்று ஒப்பிட்டே பார்க்கணும்.

சர்வரை நிறுத்தினால் இந்தப் பட்டியல் முழுதும் போய்விடும். கரண்ட் போகிற ஏரியாவில் இருப்பவர்கள் ஒவ்வொரு இன்செர்ட்டுக்கும் ரிமூவுக்கும் பிறகு மாட் ஸ்டோரேஜில் எழுதி வைத்துவிடுங்கள்.

— இரண்டாம் ஆண்டு, கணினிப் பிரிவு