கோளத்தின் மேல் ஒரு படம்

பிளெண்டரில் பூமி உருண்டை செய்து பாட வீடியோக்களுக்குக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதுதான்: "துருவத்துல படம் சுருங்கிப் போகுதே, இழுபடாம ஒட்ட வழியே இல்லையா?" இல்லை. தட்டையான எதையும் நீட்டாமல், சுருக்காமல் கோளத்தின் மேல் படியவைக்க முடியாது என்பது காஸ் 1827-லேயே கண்ட தேற்றத்தின் விளைவு. நம்மால் ஆவது, கோளம் செய்யப்போகும் சுருக்கத்துக்கு ஈடாகப் படத்தை முன்பே விரித்துவைப்பதுதான்.

கோளம் முழுவதையும் மூடும் படத்தின் அகலம் உயரத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு இருக்க வேண்டும். சுற்றளவுக்கு 360 பாகை, உச்சியிலிருந்து அடிவரை 180 பாகை. நாசாவின் ப்ளூ மார்பிள் படங்கள் 5400-க்கு 2700 பிக்சல் போன்ற அளவுகளில் கிடைப்பது இதனால்தான். இடது, வலது விளிம்புகள் கோளத்தில் ஒன்றாகச் சேரும். ஜிம்பில் படத்தைப் பாதி அகலத்துக்குச் சுழற்றி நகர்த்தினால் அந்த ஒட்டு நடுவே வந்துவிடும். அங்கே வைத்துத் திருத்துங்கள்.

நடுக்கோட்டை விட்டு விலக விலகக் கோளத்தின் வட்டம் சிறுக்கிறது. படத்தின் வரிசை மட்டும் அதே நீளத்தில் இருக்கிறது. எவ்வளவு நெருங்கும் என்பதை அட்சரேகையின் கொசைன் சொல்லிவிடும். 13 பாகையில் இருக்கும் சென்னையில் வித்தியாசம் 3 சதவீதத்துக்கும் குறைவு, கண்ணுக்கே தெரியாது. 60 பாகையை ஒட்டிய ஆஸ்லோவில் எல்லாம் பாதி அகலத்துக்கு ஒடுங்கிவிடும். அதனால் அங்கே ஊர்ப்பெயர் எழுதும்போது எழுத்தைப் பக்கவாட்டில் இரண்டு மடங்கு விரித்து வைக்கிறேன். தட்டைப் படத்தில் பருத்துத் தெரிகிற அந்த எழுத்து உருண்டையில் அளவாக உட்கார்ந்துவிடும். பார்க்க அவ்வளவு நிறைவாக இருக்கும்!

துருவத்தில் இன்னொரு தொல்லை உண்டு, அது படத்தின் தவறல்ல. யூவி ஸ்பியரின் உச்சியில் முகங்கள் எல்லாம் முக்கோணங்களாகி ஒரே புள்ளியில் கூடுகின்றன. படத்தின் மேல்வரிசைக் கட்டம் ஒவ்வொன்றிலும் பாதிதான் அந்த முக்கோணத்துக்குள் அடங்கும், மீதி போய்விடும். கலர் கிரிட் படத்தைப் போட்டு நேர் மேலிருந்து பாருங்கள்: கட்டங்கள் ரம்பப் பல் மாதிரி நறுக்குண்டு நிற்கும். இதற்கு யூவியையே விட்டுவிடுவது நல்லது. இமேஜ் டெக்ஸ்ச்சர் நோடில் ப்ரொஜெக்ஷனை 'ஸ்பியர்' என்று மாற்றி, வெக்டருக்கு 'ஜெனரேட்டட்' கொடுங்கள். முகத்துக்கு முகம் தோராயமாக ஒட்டாமல் புள்ளிக்குப் புள்ளி திசையைக் கணக்கிடுவதால் பல் மறைந்துவிடும்.

அப்படியும் உச்சியில் கீற்றுக் கீற்றாகத் தெரிந்தால் மேல்வரிசையில் நிறம் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அதைத் தட்டைப் படத்தில் திருத்த உட்காராதீர்கள். டெக்ஸ்ச்சர் பெயின்ட்டில் கோளத்தின் மேலேயே தீட்டுங்கள்.

இத்தனை பாடும் இடம் முக்கியமான படங்களுக்குத்தான். பாறை, துரு, மண் போன்றவற்றுக்கு 'பாக்ஸ்' ப்ரொஜெக்ஷனே போதும். ஆறு பக்கத்திலிருந்தும் படம் விழும். பிளெண்ட் அளவை 0.2, 0.3 என்று வைத்தால் ஓரங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். நாய்ஸ் டெக்ஸ்ச்சரில் வேலை முடியுமென்றால் இன்னும் நல்லது. அது முப்பரிமாணத்திலேயே பிறப்பதால் விரிப்பது, ஒட்டுவது என்ற பேச்சே இல்லை.

பந்தின் மேல் ஒரு சின்னம் மட்டும் வேண்டுமென்றால் அந்த இடத்து முகங்களைத் தேர்ந்தெடுத்து, எதிரே நின்று 'ப்ராஜெக்ட் ஃப்ரம் வியூ' கொடுத்தால் ஆயிற்று. இங்கேயும் அதே கொசைன்தான். நடுவிலிருந்து 30 பாகை வரை 15 சதவீதம்தான் இழுக்கும், 60 பாகையில் இரட்டிப்பாகிவிடும். சின்னத்தை 30 பாகைக்குள் அடக்குங்கள். வாடிக்கையாளர் பெரிதாகக் கேட்டாலும் நான் அதற்கு மேல் விடுவதில்லை.