ஜிசிசியை எல்டிஓவோடு நீங்களே பில்ட் செய்யுங்கள்

லினக்ஸ் கணினியில் ஜிசிசி கம்பைலர் வேண்டுமென்றால் ஒரே கட்டளையில் இறங்கிவிடும். அப்படியிருக்க, சோர்ஸை இறக்கி, மணிக்கணக்கில் கணினியை ஓடவிட்டு நாமே ஏன் பில்ட் செய்ய வேண்டும்? சிலருக்குத் தங்கள் டிஸ்ட்ரோவில் இன்னும் வராத பதிப்பு தேவைப்படும். சிலர் நாள் முழுக்கப் பெரிய சி++ புராஜெக்ட்டோடு மல்லுக்கட்டுபவர்கள். கம்பைலர் சில சதவீதம் வேகமாக ஓடினாலே அவர்களுக்கு லாபம். இரண்டுமே நல்ல காரணங்கள்தான். எனக்குப் பிடித்தது மூன்றாவது ஒன்று. ஜிசிசி தன்னைத்தானே கம்பைல் செய்து, செய்தது சரிதானா என்று தானே சோதித்துக்கொள்கிறது. எல்டிஓ (லிங்க்-டைம் ஆப்டிமைசேஷன்) சேரும்போது அந்தச் சோதனை இன்னும் கடுமையாகிறது. நேரம் மிச்சமாகும் என்று நினைத்து அந்தச் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கீழே வருவதில் பாதி, அந்தச் சோதனை முடியும் வரை பில்ட் உடையாமல் பார்த்துக்கொள்வது பற்றியதுதான்.

கட்டளைகளையும் தெரிவுகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ‘பிரிஃபிக்ஸ்’, ‘எனேபிள்’, ‘டிசேபிள்’, ‘வித்’ என்று தொடங்கும் தெரிவுகளுக்கு முன்னால் இரண்டு சிறுகோடுகள் வரும்.

எல்டிஓ என்ன செய்கிறது

சாதாரணமாகக் கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் பார்க்கும். இந்தக் கோப்பில் இருக்கும் ஃபங்ஷன், பக்கத்துக் கோப்பில் எப்படி அழைக்கப்படுகிறது என்பது அதற்குத் தெரியாது. லிங்கர் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கிறது. ஆனால் அதன் கைக்கு வருவது ஏற்கெனவே முடிந்துபோன மெஷின் கோடு. எல்டிஓ இந்த இடைவெளியை அடைக்கிறது. ஆப்ஜெக்ட் கோப்புக்குள் மெஷின் கோடுக்குப் பதில், ஜிசிசியின் உள்வடிவமான ‘ஜிம்பிள்’ எழுதி வைக்கப்படுகிறது. லிங்க் செய்யும் நேரத்தில் லிங்கர் தன் பிளக்இன் வழியாகக் கம்பைலரை மறுபடி கூப்பிடுகிறது. ‘எல்டிஓ1’ என்ற நிரல் எல்லாக் கோப்புகளின் ஜிம்பிளையும் படித்து, முழு நிரலுக்குமான முடிவுகளை எடுத்து, வேலையைத் துண்டுகளாகப் பிரித்து இணையாகக் கம்பைல் செய்கிறது. பெரிய நிரல்களுக்கு இயல்பாக 128 துண்டுகள் வரை பிரிக்கும்.

இந்த வசதி ஜிசிசிக்கு வந்தது 2010இல், 4.5 பதிப்பில். இன்று இது சோதனைக்கூடத்துச் சரக்கு இல்லை. ஓப்பன்சூசே டம்பிள்வீட் 2019இலும், ஃபெடோரா 33 அடுத்த ஆண்டிலும், உபுண்டு 21.04 அதற்கடுத்த ஆண்டிலும் தங்கள் தொகுப்புகளை இயல்பாகவே எல்டிஓவோடு கம்பைல் செய்யத் தொடங்கின.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நாம் செய்யப்போவது கம்பைலர் என்ற நிரலையே எல்டிஓவால் மெருகேற்றுவது. அதனால் கம்பைலர் வேகமாக ஓடும். அதைக் கொண்டு நீங்கள் கம்பைல் செய்யும் நிரல்கள் தாமாக எல்டிஓ பெற்றுவிடாது. அவற்றுக்கு ‘எஃப்எல்டிஓ’ தெரிவை நீங்கள்தான் தர வேண்டும்.

தயாரிப்பு

உபுண்டு, டெபியன் என்றால் ‘பில்ட்-எசென்ஷியல்’ தொகுப்பு அடிப்படை. அதோடு இசட்ஸ்டாண்டர்டு லைப்ரரியின் டெவலப்மென்ட் தொகுப்பையும் போடுங்கள். அது இருந்தால் ஆப்ஜெக்ட் கோப்புக்குள் போகும் ஜிம்பிளை ஜிசிசி அதைக் கொண்டு சுருக்கும். இல்லையென்றால் மெதுவான ஜீலிப்பைப் பயன்படுத்தும். கட்டாயமில்லை, ஆனால் இருக்கட்டும். லிங்கர் பிளக்இன்களை ஏற்க வேண்டும். குனு லிங்கர் 2.21 முதலே அது உண்டு, ஆகவே உங்கள் கணினியில் இருப்பதே போதும்.

வட்டில் 20 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள். ரேம் 16 ஜிபி இருந்தால் நிம்மதி. 8 ஜிபியிலும் முடியும். ஆனால் கீழே சொல்லும் சிக்கன வழிகளை அப்போது விடாமல் பின்பற்ற வேண்டும்.

குனு தளத்திலிருந்தோ அதன் கண்ணாடித் தளம் ஒன்றிலிருந்தோ ஜிசிசி 14.2 சோர்ஸை இறக்குங்கள். சுருக்கிய கோப்பு சுமார் 90 எம்பி. பக்கத்திலேயே அதன் கையொப்பக் கோப்பு இருக்கும். அதையும் இறக்கி, ஜிபிஜி கொண்டு சரிபாருங்கள். கணினியில் மற்ற எல்லா நிரல்களையும் உருவாக்கப்போகும் கருவி இது. இரண்டு நிமிட வேலைக்குச் சோம்பல்பட வேண்டாம்.

விரித்த பிறகு சோர்ஸ் டைரக்டரிக்குள் போய், ‘கான்ட்ரிப்’ டைரக்டரியில் உள்ள ‘டவுன்லோடு-பிரிரெக்விசிட்ஸ்’ ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி, ஐஎஸ்எல் ஆகிய கணித லைப்ரரிகளைப் பொருத்தமான பதிப்பில் இறக்கி, சோர்ஸுக்குள்ளேயே இணைத்துவிடும். இவற்றைத் தனித்தனியாக நிறுவி, பாதை காட்டி, பதிப்பு மோதலில் மாட்டிக்கொண்டு மாலையை வீணாக்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்கிரிப்ட் இருக்கும்போது அந்தத் தலைவலி தேவையில்லை.

அடுத்து, சோர்ஸுக்கு வெளியே பில்டுக்கென ஒரு தனி டைரக்டரி. சோர்ஸுக்குள்ளேயே கன்ஃபிகர் செய்வதை ஜிசிசி ஆதரிப்பதில்லை. டைரக்டரிப் பெயரில் இடைவெளி வேண்டாம். ‘லைப்ரரி-பாத்’ வேரியபிளை உங்கள் ஷெல்லில் வைத்திருந்தால் நீக்குங்கள். அதில் உபரியாக ஒரு முக்காற்புள்ளி கடைசியில் தொங்கினாலும் நடப்பு டைரக்டரி என்று பொருளாகி, கன்ஃபிகர் மறுத்துவிடும்.

கன்ஃபிகர் தெரிவுகள்

பில்ட் டைரக்டரியில் நின்றபடி சோர்ஸ் டைரக்டரியின் கன்ஃபிகர் ஸ்கிரிப்டைக் கூப்பிடுங்கள். கொடுக்க வேண்டியவை:

‘பிரிஃபிக்ஸ்’: நிறுவும் இடம். ‘ஆப்ட்’ டைரக்டரியின் கீழ் பதிப்பு எண்ணோடு ஒரு டைரக்டரி சிறந்தது. கணினியின் சொந்தக் கம்பைலர் இருக்கும் இடத்தில் ஒருபோதும் கை வைக்காதீர்கள்.

‘எனேபிள்-லாங்குவேஜஸ்’: சி, சி++ இரண்டு மட்டும். ஃபோர்ட்ரான் எழுதாதவருக்கு ஃபோர்ட்ரான் கம்பைலரை உருவாக்குவது வீண் நேரம். எல்டிஓவில் ஒவ்வொரு மொழியின் கம்பைலரும் தனியொரு கனத்த லிங்க்.

‘டிசேபிள்-மல்டிலிப்’: 64 பிட் கணினியில் 32 பிட் லைப்ரரிகளையும் சேர்த்து உருவாக்க முயல்வதை இது நிறுத்தும். இது இல்லாவிட்டால், 32 பிட் ஹெடர் கோப்புகள் இல்லாத கணினியில் பில்ட் பாதி வழியில் நின்றுபோகும்.

‘வித்-பில்ட்-கன்ஃபிக்’: இதற்கு மதிப்பு ‘பூட்ஸ்ட்ராப்-எல்டிஓ’. நம் கதையின் நாயகன் இதுதான். ரேமும் நேரமும் குறைவு என்றால் ‘பூட்ஸ்ட்ராப்-எல்டிஓ-லீன்’. பில்ட் மூன்று கட்டங்களாக நடக்கும் (கீழே விளக்கியிருக்கிறேன்); அது கடைசிக் கட்டத்தில் மட்டுமே எல்டிஓவைப் பயன்படுத்தும்.

‘எனேபிள்-லிங்க்-சீரியலைசேஷன்’: சி கம்பைலர், சி++ கம்பைலர், எல்டிஓ1 ஆகியவற்றின் லிங்க் வேலைகள் ஒரே நேரத்தில் ஓடாமல் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். 8 ஜிபி கணினிக்கு இது உயிர்நாடி. பலருக்கு இப்படி ஒரு தெரிவு இருப்பதே தெரியாது.

‘டிசேபிள்-பூட்ஸ்ட்ராப்’ என்று ஒன்றும் உண்டு. பில்ட் நேரத்தைப் பெருமளவு குறைக்கும் என்று பல இடங்களில் பரிந்துரைப்பார்கள். அதைத் தொடாதீர்கள். பூட்ஸ்ட்ராப்-எல்டிஓ தன் வேலையைச் செய்வதே இரண்டாம், மூன்றாம் கட்டங்களில்தான். கட்டங்களே இல்லையென்றால் எல்டிஓ தெரிவு சத்தமில்லாமல் பயனற்றுப்போகும். பில்ட் வெற்றி என்று வரும். கிடைத்திருப்பது சாதாரணக் கம்பைலர்.

மூன்று கட்டங்கள்

‘மேக்’ கட்டளையை ‘ஜே’ தெரிவோடு கொடுங்கள். எத்தனை என்பதைப் பிராசஸர் கோர்களை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், ரேமையும் பாருங்கள். 8 ஜிபி என்றால் 4க்கு மேல் போக வேண்டாம்.

முதல் கட்டத்தில், கணினியில் ஏற்கெனவே இருக்கும் கம்பைலர் புதிய ஜிசிசியை உருவாக்குகிறது. அந்தப் பழைய கம்பைலரில் என்ன பிழைகள் இருக்கின்றனவோ, யாருக்குத் தெரியும்? ஆகவே இரண்டாம் கட்டத்தில், முதல் கட்ட ஜிசிசி அதே சோர்ஸை மறுபடி கம்பைல் செய்கிறது, இம்முறை எல்டிஓவோடு. மூன்றாம் கட்டத்தில், இரண்டாம் கட்ட ஜிசிசி அதே வேலையை இன்னொரு முறை செய்கிறது. ஒரே சோர்ஸ், ஒரே தெரிவுகள். கம்பைலர் சரியானதாக இருந்தால் இரண்டாம், மூன்றாம் கட்டங்களின் ஆப்ஜெக்ட் கோப்புகள் ஒத்துப்போக வேண்டும். மேக் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறது.

எல்டிஓ இங்கே ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. ஜிம்பிள் வைக்கப்படும் பகுதிகளின் பெயர்களில் ஜிசிசி ஒரு தற்செயல் எண்ணை ஒட்டும்; அப்படியே விட்டால் எந்த இரண்டு கோப்பும் ஒத்துப்போகாது. அதனால்தான் பூட்ஸ்ட்ராப்-எல்டிஓவின் அமைப்புக் கோப்பில் ‘எஃப்ராண்டம்-சீடு’ 1 என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். சோர்ஸின் ‘கன்ஃபிக்’ டைரக்டரியில் உள்ள அந்தக் கோப்பு மிகச் சிறியது. திறந்து படித்துப் பாருங்கள். ‘எஃப்எல்டிஓ’ தெரிவுக்கு ‘ஜாப்சர்வர்’ என்ற மதிப்பு தந்திருப்பதும் தெரியும். நீங்கள் மேக்குக்குச் சொன்ன எண்ணிக்கையை எல்டிஓ துண்டுகளும் மதித்து நடப்பது அதனால்தான்.

ஒப்பீட்டில் ‘பூட்ஸ்ட்ராப் கம்பேரிசன் ஃபெய்லியர்’ என்று வந்தால் கடந்து போகாதீர்கள். கம்பைலர் தன்னையே தவறாகக் கம்பைல் செய்திருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறி அது. அப்படிப்பட்ட கம்பைலர் உங்கள் நிரலைத் தவறாகக் கம்பைல் செய்தால், பிழையைத் தேடி உங்கள் கோடுக்குள் வாரக்கணக்கில் அலைவீர்கள். பில்ட் டைரக்டரியை முழுதாக அழித்து, முதலில் எல்டிஓ இல்லாமல் பூட்ஸ்ட்ராப் செய்து பாருங்கள். அது தேறினால் பிரச்சினை எல்டிஓ பக்கம்; தேறாவிட்டால் பழைய கம்பைலரையோ ரேம் சில்லையோ சந்தேகப்படுங்கள்.

பில்ட் நின்றுபோனால்

அதிகம் வருவது ‘கில்டு சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம்’ என்ற செய்தி. கூடவே ‘சிசி1பிளஸ்’ அல்லது ‘எல்டிஓ1’ என்ற பெயர் இருக்கும். கம்பைலரில் கோளாறு இல்லை. ரேம் தீர்ந்து கெர்னல் அதைக் கொன்றிருக்கிறது. ‘டிமெசேஜ்’ கட்டளையின் கடைசி வரிகள் அதை உறுதிப்படுத்தும். இணை வேலைகளைக் குறைத்து, அதே டைரக்டரியில் மேக்கை மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். போதாவிட்டால் ஸ்வாப் சேருங்கள். ‘பூட்-சிஃபிளாக்ஸ்’ வேரியபிள் இயல்பாக டீபக் தகவலையும் கேட்கும். அதற்கு வெறும் ‘ஓ2’ என்று மதிப்பு கொடுத்துத் தொடக்கத்திலிருந்தே பில்ட் செய்தால் ரேமும் வட்டும் கணிசமாக மிச்சமாகும்.

அடுத்தது, வட்டில் இடம் இருந்தும் ‘இடமில்லை’ என்ற புகார். எல்டிஓ தன் இடைக்காலக் கோப்புகளை ‘டெம்ப்’ டைரக்டரியில் போடுகிறது. பல டிஸ்ட்ரோக்களில் அது ரேமிலேயே இயங்குவது. ‘டிஎம்பிடிஐஆர்’ வேரியபிளை வட்டில் உள்ள ஒரு டைரக்டரிக்குத் திருப்பிவிடுங்கள். ரேமும் தப்பும்.

எந்தப் பிழையானாலும் திரையின் கடைசி வரியைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். இணையாக ஓடும் பில்டில் உண்மையான பிழை நூற்றுக்கணக்கான வரிகள் மேலே இருக்கும். வெளியீட்டை ஒரு கோப்புக்குள் சேமித்து, ‘எரர்’ என்று முதலில் வரும் இடத்தைத் தேடுங்கள்.

நிறுவுதல், சரிபார்த்தல்

நேரம் இருந்தால் டெஜாக்னு நிறுவி ‘மேக் செக்’ ஓட்டலாம். சில எதிர்பாராத தோல்விகள் வருவது வழக்கம்தான். பிறகு ‘மேக் இன்ஸ்டால்-ஸ்ட்ரிப்’. புதிய ‘பின்’ டைரக்டரியைப் ‘பாத்’ வேரியபிளின் முன்னால் சேருங்கள்.

புதிய ஜிசிசியை ‘வி’ தெரிவோடு ஓட்டுங்கள். நீங்கள் கொடுத்த கன்ஃபிகர் தெரிவுகள் அப்படியே அச்சாகும்; எல்டிஓ சுருக்க முறைகளைச் சொல்லும் வரியில் ஜீலிப்போடு இசட்ஸ்டாண்டர்டும் இருக்க வேண்டும்.

இனி ஒரு சிறு சோதனை. ஒரு கோப்பில் இரண்டு எண்களைக் கூட்டித் தரும் ஃபங்ஷன். இன்னொரு கோப்பில் ‘மெயின்’. அது 20ஐயும் 22ஐயும் அனுப்பி, வரும் விடையைத் திருப்பித் தருகிறது. இரண்டையும் ‘ஓ2’ தெரிவோடு தனித்தனியாகக் கம்பைல் செய்து லிங்க் செய்து, ‘ஆப்ஜ்டம்ப்’ கொண்டு மெயினைப் பாருங்கள்: கூட்டும் ஃபங்ஷனுக்கு ஓர் அழைப்போ தாவலோ இருக்கும். இப்போது கம்பைலிலும் லிங்கிலும் ‘எஃப்எல்டிஓ’ சேர்த்து மறுபடி செய்யுங்கள். அது காணாமல் போயிருக்கும். விடையை ரெஜிஸ்டரில் நேரடியாக வைக்கும் ஒரே ஒரு ‘மூவ்’. அதன் எண் பதினாறடிமானத்தில் 2ஏ, அதாவது 42.

புதிய கம்பைலரில் கம்பைல் செய்த சி++ நிரல் ‘ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் பதிப்பு இல்லை’ என்று புலம்பினால், அது கணினியின் பழைய சி++ லைப்ரரியை எடுத்துக்கொண்டிருக்கிறது. லிங்க் செய்யும்போது ‘ஆர்பாத்’ தெரிவில் புதிய ‘லிப்64’ டைரக்டரியைக் கொடுங்கள்.

இன்னும் வேகம் வேண்டுபவர்கள் அடுத்த முறை வெறும் மேக்குக்குப் பதிலாக ‘மேக் புரொஃபைல்டுபூட்ஸ்ட்ராப்’ கொடுக்கலாம். கம்பைலர் ஓடும் விதத்தை அளந்து, அந்த அளவை வைத்து மறுபடி கம்பைல் செய்யும். நேரம் அதிகம் பிடிக்கும். ஆனால் எல்டிஓ மட்டும் தருவதைவிடப் பெரிய பலன் இதில்தான் கிடைக்கும்.

உங்கள் புராஜெக்ட்களில் எல்டிஓவைப் பயன்படுத்தும்போது, ஸ்டாட்டிக் லைப்ரரி உருவாக்க வெறும் ‘ஏஆர்’, ‘ரான்லிப்’ வேண்டாம். ‘ஜிசிசி-ஏஆர்’, ‘ஜிசிசி-ரான்லிப்’ என்று அழையுங்கள். பிளக்இன் இல்லாத ஏஆருக்கு ஜிம்பிளைப் படிக்கத் தெரியாது. ஒரு ஜிசிசி எழுதிய ஜிம்பிளை இன்னொரு பெரும்பதிப்பு படிக்காது; கம்பைலரை மாற்றினால் அந்த லைப்ரரிகளையும் புதிதாகக் கம்பைல் செய்யுங்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கும் லைப்ரரி என்றால் ‘எஃப்ஃபேட்-எல்டிஓ-ஆப்ஜெக்ட்ஸ்’ தெரிவைச் சேருங்கள். மெஷின் கோடும் உள்ளேயே இருக்கும் என்பதால், எந்த ஜிசிசி வைத்திருப்பவரும் எல்டிஓ இல்லாமலாவது அதை லிங்க் செய்துகொள்ளலாம்.